மூத்தது நடக்கிறது, இளையது மடியில்: இரட்டை ஸ்ரோலர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் என்று ரொறன்ரோவைச் சுற்றி இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக எழுதியது. ஆறு வயது வரையான பிள்ளைகளோடு இலவசமாகப் போய்வரக்கூடிய ஏர்லிஓன் நிலையங்களிலும், பிறந்தநாள் கொண்டாட்டங்களிலும், கோயில் மண்டபங்களிலும் தாய்மார் என்னிடம் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன்.

இரண்டு பிள்ளைகளை ஏற்றித் தள்ளும் இரட்டை ஸ்ரோலர் வாங்கக் கடைக்குப் போகும்போது எல்லோர் மனதிலும் இருப்பது பிறக்கப்போகும் பிள்ளை. ஆனால் எந்த வண்டி உங்களுக்கு ஒத்துவரும் என்பதைத் தீர்மானிப்பது மூத்ததுதான். அதன் வயது, பாரம், குணம், ஓரிடத்தில் இருக்கும் பொறுமை எல்லாம் கணக்கில் வரும். கீழே உள்ள பதில்களில் நான் திரும்பத் திரும்ப அங்கேயே வந்து நிற்பேன்.

வீட்டில் ஒற்றை ஸ்ரோலர் இருக்கிறது. இரட்டை கட்டாயம் வேண்டுமா?

மூத்த பிள்ளைக்கு மூன்று வயது தாண்டிவிட்டால் அநேகமாகத் தேவையில்லை. இருக்கிற ஸ்ரோலரின் பின்னால் கொழுவக்கூடிய, பிள்ளை ஏறி நிற்கும் சில்லுப் பலகை ஒன்று போதும். லாஸ்கல் என்ற சுவீடன் நிறுவனத்தின் பலகை பலவகை வண்டிகளுக்குப் பொருந்தும்.

ஒன்றரைக்கும் இரண்டரைக்கும் இடைப்பட்ட வயது என்றால் கதை வேறு. பூங்காவுக்குப் போகும்போது முன்னால் ஓடும் பிள்ளை, திரும்பும்போது பாதி வழியில் நடைபாதையில் குந்திக்கொண்டு இரண்டு கையையும் உயர்த்தும். பாரம் 12 கிலோ இருக்கும். சிசேரியன் செய்த தாயிடம் முதல் ஆறு கிழமைக்குக் கைக்குழந்தையை விடப் பாரமான எதையும் தூக்கவேண்டாம் என்றுதான் மருத்துவமனையில் சொல்லி அனுப்புவார்கள். வீட்டில் தூக்கிக்கொடுக்க அம்மம்மாவோ அப்பம்மாவோ இருப்பார்கள். நடைபாதையில் யார் இருக்கிறார்கள்? வெளியே நடந்து திரிகிற, பஸ்ஸில் போகிற தாய் என்றால் தயங்காமல் வாங்குங்கள்.

எங்கும் காரில் போய்க் காரில் வருகிறவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு. கைக்குழந்தையை நெஞ்சோடு அணைத்துக் கட்டும் கரியர் ஒன்றை வாங்கி, மூத்ததை இருக்கிற ஸ்ரோலரில் வைத்துத் தள்ளலாம். குழந்தையின் முகம் எப்போதும் உங்களுக்குத் தெரியவேண்டும், நாடி நெஞ்சில் மடிந்து முட்டக்கூடாது. முதல் சில மாதங்களை இப்படியே கடத்திவிட்டு, பிறகும் தேவையென்று பட்டால் இரட்டை வாங்கலாம். பலருக்கு அந்தத் தேவை வருவதேயில்லை.

என்னென்ன வகை இருக்கிறது? கடையில் பார்த்தால் தலை சுற்றுகிறது.

அடிப்படையில் நான்குதான்.

முதலாவது, இரண்டு இருக்கையும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது. பேபி ஜோகர் சிற்றி மினி டபுள், மவுண்டன் பகி டுவெற், பகபூ டொங்கி எல்லாம் இந்த இனம். பாரம் இரு பக்கமும் சமமாக விழுவதால் தள்ளுவதும் திருப்புவதும் சுகம், ஒற்றைக் கையாலேயே பல வண்டிகளைத் திருப்பிவிடலாம். இரண்டு பிள்ளைக்கும் ஒரே பார்வை கிடைக்கும். குறை அகலம்: பெரும்பாலானவை 74 முதல் 80 சென்ரிமீற்றர்.

இரண்டாவது, முன்னும் பின்னுமாக இருப்பது. அப்பாபேபி விஸ்டா, பேபி ஜோகர் சிற்றி செலெக்ட் போன்றவை ஒற்றையாகத் தொடங்கி இரண்டாவது இருக்கையைக் கொழுவி இரட்டையாக மாறும். அகலம் சுமார் 65 சென்ரிமீற்றர்தான், ஒற்றை ஸ்ரோலர் போகிற இடமெல்லாம் போகும். ஆனால் நீளமும் முன்பாரமும் கூடிவிடும். நடைபாதை விளிம்பில் ஏற்ற முன்சில்லைத் தூக்கும்போது, முன்னால் இருக்கும் பிள்ளையின் பாரம் முழுவதையும் உங்கள் மணிக்கட்டுத்தான் நெம்பித் தூக்குகிறது. விஸ்டாவில் இன்னொன்றையும் கவனியுங்கள்: கீழே கொழுவும் இரண்டாவது இருக்கை 16 கிலோ வரைக்கும்தான். கைக்குழந்தை மேலே தொட்டிலில் படுக்க, கீழே போவது மூத்தது. உங்கள் மூத்தது கொழுகொழுவென்று வளர்ந்து இப்போதே 14 கிலோ என்றால், அந்த இருக்கை எத்தனை மாதம் தாங்கும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

மூன்றாவது, முன்னால் இருக்கை, பின்னால் நிற்கவும் சிறிய பெஞ்சில் இருக்கவும் வசதி. ஜூவி கபூஸ் இந்த இனம். பின் இடம் இரண்டரை வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு. விலை குறைவு, பாரமும் குறைவு. நடக்க விரும்பும், ஆனால் களைத்துப்போகும் பிள்ளைக்கு இதைவிட நல்ல வண்டி இல்லை என்பது என் எண்ணம். இரண்டு வயதுக்குக் குறைந்த, துள்ளிக்குதிக்கும் பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம். பின்னால் இருந்து இறங்கி ஓடிவிடும்.

நான்காவது, பெரிய காற்றுச் சில்லோடு வரும் ஓட்ட ஸ்ரோலர். தூலே இரட்டை பலருக்குத் தெரிந்திருக்கும். பூங்கா, பனி, சரளைப் பாதைக்கு அருமை, கடைக்குள்ளே பெரும்பாடு.

பிறந்த பிள்ளையை எந்த இருக்கையில் வைக்கலாம்?

தட்டையாகப் படுக்கக்கூடிய இடத்தில் மட்டும். தலை நிற்காத குழந்தையை அரைச்சாய்வில் இருத்தினால் தலை முன்னால் கவிழ்ந்து மூச்சுப்பாதை மடங்கலாம். சுமார் ஆறு மாதத்தில், தானாக நிமிர்ந்து இருக்கும் வரை தொட்டில் போன்ற பகுதி அல்லது முழுவதும் சாயும் இருக்கை வேண்டும். கடைக்காரர் சாயும் என்று சொன்னால் போதாது, எவ்வளவு சாயும் என்று சாய்த்துக் காட்டச் சொல்லுங்கள். வண்டியோடு வரும் புத்தகத்தில் பிறந்ததிலிருந்து பாவிக்கலாம் என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

சில முன்பின் வண்டிகளில் தட்டையான இடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அங்கே சின்னது படுத்துவிட்டால் மூத்ததற்குக் கிடைப்பது கால் மடங்குகிற, கூரை தலையில் முட்டுகிற இடம். மூத்த பிள்ளையைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், அதே இருக்கையில் ஒரு பத்து நிமிடம் இருத்திப் பாருங்கள். முகத்திலேயே தெரிந்துவிடும்.

கைக்குழந்தையின் கார் சீற்றை அப்படியே ஸ்ரோலரில் மாட்டினால் வேலை சுலபம்தானே?

சுலபம்தான். காரிலிருந்து வைத்தியரிடமும் கடைக்கும் போய்வரும் அந்தச் சிறிய நேரத்துக்கு. அதற்காகவே செய்த இணைப்பு வளையம், உங்கள் சீற்றுக்கும் உங்கள் வண்டிக்கும் பொருந்துவதாக வாங்குங்கள். ஆனால் பின்னேரம் முழுவதும் மோலில் அதிலேயே தூங்க விடவேண்டாம். கார் சீற், ஸ்ரோலர், ஊஞ்சல் எதுவும் குழந்தை தூங்குவதற்கான இடமல்ல என்பதுதான் கனடா பொதுச் சுகாதாரத் துறையின் நிலைப்பாடு. தூங்கிவிட்டால், வீடு வந்து சேர்ந்ததும் தொட்டிலுக்கு மாற்றவேண்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம்மவர்களுக்கு பஃபலோ போய்ச் சாமான் வாங்கும் பழக்கம் உண்டு. ஸ்ரோலரும் கார் சீற்றும் சேர்ந்த பொதி அங்கே மலிவாகத் தெரியும். ஆனால் கனடாவில் பாவிக்கும் கார் சீற்றில் மேப்பிள் இலை பொறித்த தேசியப் பாதுகாப்பு முத்திரை இருக்கவேண்டும். அமெரிக்காவில் விற்கும் சீற்றில் அது இராது. அதை இங்கே பாவிப்பது சட்டப்படி தவறு. நியூயோர்க்கில் இருக்கும் சித்தி அன்பாக வாங்கித் தந்தாலும் அதே சட்டம்தான்.

கதவுக்குள் நுழையுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அளவு நாடாவை எடுங்கள். கதவைச் செங்குத்தாகத் திறந்து வைத்து, திறந்த கதவின் முகத்திலிருந்து எதிர்ப்பக்கச் சட்டம் வரை அளவுங்கள். 32 அங்குலக் கதவு என்பது கதவுப் பலகையின் அளவு. பிணைச்சலும் கதவின் தடிப்பும் போக, நுழைய மிஞ்சுவது ஏறத்தாழ 30 அங்குலம், 76 சென்ரிமீற்றர். 78 சென்ரிமீற்றர் வண்டி அங்கே தேய்ந்து நிற்கும். இந்த இரண்டு சென்ரிமீற்றரில்தான் எத்தனையோ வண்டிகள் கடைக்குத் திரும்பிப் போகின்றன.

வீட்டு வாசல் மட்டுமல்ல, நீங்கள் அடிக்கடி போகும் இடங்களையும் அளவுங்கள். குடும்ப வைத்தியரின் அறைக் கதவு, பிள்ளைப் பராமரிப்பு நிலையம், அபார்ட்மென்ட் எலிவேற்றர். எலிவேற்றரில் அகலம் சிக்கலாக இராது, ஆழம்தான் சிக்கல். காலை எட்டரைக்குப் பள்ளிப் பிள்ளைகள் நிறைந்து நிற்கும்போது நீளமான முன்பின் வண்டி உள்ளே போகாது, அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும்.

தமிழ்க் கடைக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் எண்ணிக்கொள்ளுங்கள். தட்டுகளுக்கு நடுவே வழி இருக்கும், ஆனால் முனையில் பத்துக் கிலோ அரிசிப் பைகளை அடுக்கியிருப்பார்கள். பக்கவாட்டு வண்டி உள்ளே போய்விடும், முனையில் திரும்ப முடியாமல் பின்னோக்கி இழுத்துக்கொண்டு வருவீர்கள்.

நாங்கள் பேஸ்மென்ற்றில் இருக்கிறோம். பக்கக் கதவும் படிகளும்தான் வழி.

அப்படியானால் அகலத்தை விடப் பாரமே உங்கள் முதல் கேள்வி. இரட்டை ஸ்ரோலர்கள் வெறுமையாகவே 13 முதல் 17 கிலோ வரை இருக்கும். ஒரு கையில் குழந்தை, மறு கையில் 15 கிலோ இரும்பு, முன்னால் படியில் தத்தித் தத்தி இறங்கும் இரண்டு வயது. இந்த மூன்றையும் ஒன்றாகச் செய்யவே கூடாது. வீட்டுக்காரரிடம் கராஜில் ஒரு மூலை கேளுங்கள், கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். இல்லையென்றால் வண்டி காரின் டிக்கியிலேயே இருக்கட்டும். அதற்கும் வழியில்லாவிட்டால் நான் முன்னே சொன்ன கரியரும் ஒற்றை ஸ்ரோலருமே உங்களுக்கு நல்லது.

பனிக்காலத்தில் எந்த வண்டி ஓடும்?

சில்லுத்தான் விடை. சிறிய, கெட்டியான பிளாஸ்ரிக் சில்லு பனியில் உருளாது, உழும். முன்சில்லு பெரிதாகவும், காற்றடித்ததாகவோ தடித்த ரப்பராகவோ இருந்தால் ஓடும். இரண்டு பிள்ளையும் வண்டியும் சேர்ந்து 30 கிலோ என்றால், வித்தியாசம் முதல் சந்தியிலேயே தெரியும். நகரசபை வண்டி நடைபாதையை வழித்துவிட்டுப் போயிருக்கும், ஆனால் தெருவை வழித்த வண்டி சந்தி மூலையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மேட்டைக் குவித்துவிட்டுப் போயிருக்கும்.

அந்த மேட்டில் முன்னால் தள்ளிப் போராட வேண்டாம். வண்டியைத் திருப்பிப் பின்னோக்கி இழுங்கள், பெரிய பின்சில்லு முதலில் ஏறிவிடும். ஆழமான பனியில் முன்சில்லு சுழலாதபடி பூட்டுகிற வசதி பல வண்டிகளில் உண்டு, அதைப் போடுங்கள். குளிரில் ரயரின் காற்று இறங்கும் என்பதால் கைப்பம்பு ஒன்று வீட்டில் இருக்கட்டும். வீதியில் போடும் உப்பு அச்சையும் பிறேக்கையும் தின்றுவிடும். வீட்டுக்கு வந்ததும் ஈரத் துணியால் சில்லையும் அச்சையும் துடைத்துவிடுங்கள்.

எவ்வளவு குளிரில் வெளியே கூட்டிப்போகலாம் என்றால், காற்றோடு சேர்ந்த குளிர் மைனஸ் 28 அல்லது அதற்குக் கீழ் என்றால் பிள்ளைகளை வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள் என்பது கனடாக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் அறிவுரை. தடித்த ஸ்னோ உடுப்பு ஸ்ரோலரில் பரவாயில்லை. காருக்குள் ஏறும்போது கழற்றிவிடுங்கள். பஞ்சு உடுப்புக்கு மேல் இறுக்கிய பெல்ற், விபத்தில் பஞ்சு அமுங்கியதும் தளர்ந்துவிடும். பெல்ற்றை உடலோடு போட்டு, மேலே போர்வையால் மூடலாம்.

கோடையில் இதற்கு எதிரான தவறு நடக்கிறது. வெயில் படாமல் இருக்கட்டும் என்று துணியால் வண்டியை முழுவதும் மூடுவார்கள். மெல்லிய துணி என்றாலும் உள்ளே காற்றோட்டம் நின்று சூடு ஏறும். வெயில் மறைப்பு நீளமாக வருகிற வண்டியாகப் பாருங்கள், துணி வேண்டாம்.

பஸ்ஸில் கொண்டுபோகலாமா?

போகலாம். ரொறன்ரோ நகரப் போக்குவரத்தான ரிரிசியின் பஸ்களில் சாய்பலகை இருக்கிறது, சாரதியிடம் கேட்டால் இறக்குவார். 12 வயது வரை பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. முன்பக்க நீல இருக்கைகளை மடக்கிய இடத்தில் வண்டியை நிறுத்தலாம், ஆனால் சக்கர நாற்காலியில் ஒருவர் ஏறினால் அந்த இடம் அவருடையது. இடம் இல்லையென்றால் மடக்கவேண்டி வரும். அதனால் பஸ்ஸே கதி என்று இருப்பவர்கள் கடையிலேயே ஒரு பரீட்சை வையுங்கள்: ஒரு கையில் கைப்பையைக் குழந்தையாக அணைத்துக்கொண்டு, மறு கையால் வண்டியை மடக்கிப் பாருங்கள். முடியவில்லையென்றால் அந்த வண்டி பஸ்ஸுக்கு ஆகாது. 2023 ஜூலையில் ஸ்காபரோ ஆர்ரி ரயில் நின்றுபோனதிலிருந்து நம் பக்கத்தில் கெனடி நிலையத்துக்குப் போக பஸ்ஸைத்தான் நம்பியிருக்கிறோம், நெரிசலும் அதற்கேற்றாற் போல. பஸ் பயணத்துக்கு என் தெரிவு, ஒல்லியான முன்பின் வண்டி அல்லது பின்னால் பிள்ளை நின்று வரும் வகை.

கார் டிக்கிக்குள் அடங்குமா?

மடித்த அளவை இணையத்தில் பார்ப்பதோடு நிற்காமல் காரைக் கடைக்குக் கொண்டுபோய் உள்ளே வைத்தே பாருங்கள். சியெனா, ஒடிசி போன்ற வான் வைத்திருப்பவர்களுக்குக் கவலையில்லை. கொரோலா, சிவிக் என்றால் வாய் சிறிது, சில வண்டிகளுக்குச் சில்லைக் கழற்றவேண்டும். இரட்டையாக மாறும் வண்டிகளில் பல, இரண்டாவது இருக்கையைக் கழற்றினால்தான் மடியும். ஒவ்வொரு முறையும் வாகனத் தரிப்பிடத்தில் நின்று இருக்கையைக் கழற்றிப் பூட்ட உங்களுக்கு மனம் வருமா?

வண்டி வாங்கியாயிற்று. மூத்தவன் ஏறமாட்டேன் என்று அழுகிறான், தம்பியின் இடம்தான் வேண்டுமாம்.

இந்தக் கேள்வி வரும்போது எனக்கு மனம் கனக்கும், ஏனென்றால் அவன் கேட்பது இருக்கையை அல்ல. முடிந்தால் தம்பி பிறப்பதற்கு முன்பே வண்டியை அவனுக்குப் பழக்குங்கள். அவன் தன் இடத்தைத் தேர்ந்தெடுக்கட்டும், மற்ற இருக்கையில் அவனுடைய கரடிப் பொம்மையைக் கட்டிக்கொண்டு போகட்டும். பிறகு தம்பி வரும்போது, அவன் வண்டியில் தம்பிக்கு இடம் கொடுத்ததாக இருக்கும்.

முன்பின் வண்டியில் பின்னால் இருப்பவன் முன்னிருக்கையின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு போகிறான். வாயடித்துக்கொண்டு, தெருவில் போகும் குப்பை லொறியை எல்லாம் காட்டிக்கொண்டு வரும் பிள்ளைக்கு அது சிறைதான். அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பக்கவாட்டு வண்டியே சரி. ஆனால் கைநீளமான பிள்ளை என்றால் பக்கத்தில் தூங்கும் குழந்தையின் முகத்தைப் பிசையும், தொப்பியை இழுக்கும், விரலால் கண்ணைக் குத்தும். முதல் மாதங்களில் நடுவே மறைப்பு உள்ள வண்டியோ, குழந்தை தனித் தொட்டில் பகுதிக்குள் படுக்கும் வண்டியோ வேண்டும். எந்தப் பிள்ளை உங்கள் பிள்ளை என்று விற்பனையாளருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

பாவித்தது வாங்கலாமா?

தாராளமாக. புதிது 1,000 டொலரைத் தாண்டும் வண்டிகள் பாதி விலைக்கும் கீழே கிடைக்கின்றன. போய்ப் பார்க்கும்போது பிறேக்கைப் போட்டுச் சரிவில் நிறுத்துங்கள், மடிப்புப் பூட்டு கிளிக் என்று விழுகிறதா என்று கேளுங்கள், ஐந்து முனைப் பெல்ற் இரண்டு இருக்கையிலும் முழுதாக இருக்கிறதா என்று எண்ணுங்கள். சட்டத்தில் ஒட்டியிருக்கும் லேபலில் மாடல் இலக்கமும் தயாரித்த திகதியும் இருக்கும், அவற்றை ஹெல்த் கனடாவின் திரும்பப்பெறல் பட்டியலில் தேடுங்கள்.

மடிப்பு மூட்டுகளைத் தனியாகப் பாருங்கள். 2009இல் மக்லாறன் நிறுவனம் அமெரிக்காவில் ஏறத்தாழ 10 லட்சம் ஸ்ரோலர்களைத் திரும்பப்பெற்றது. விரிக்கும்போது மூட்டுக்குள் விரல் அகப்பட்டு 12 பிள்ளைகளுக்கு விரல் நுனி துண்டாகியிருந்தது. மூட்டுக்கு மூடி இல்லாத பழைய வண்டி இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். எந்த வண்டியானாலும், விரிக்கும்போதும் மடிக்கும்போதும் மூத்தது இரண்டடி தள்ளி நிற்கவேண்டும். உதவி செய்ய ஓடிவருவது அந்த வயதுதான்.

கார் சீற்றை மட்டும் முன்பின் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். விபத்தில் இருந்ததா என்று வெளியில் தெரியாது, காலாவதித் திகதியும் உண்டு.

அம்மா, பிள்ளை பிறக்க முதல் சாமான் வாங்கக்கூடாது என்கிறார். என்ன செய்வது?

அம்மாவின் சொல்லைத் தட்டவேண்டியதில்லை. இப்போதே அளவெடுத்து, கடையில் தள்ளிப் பார்த்து, ஒன்றை முடிவு செய்து வைத்துவிடுங்கள். பிறந்த பிறகு கணவர் போய் எடுத்துவரலாம். 31ஆம் நாள் துடக்குக் கழியும் வரை நம் வீடுகளில் தாயும் பிள்ளையும் வைத்தியரிடம் போவதைத் தவிர வெளியே இறங்குவது குறைவு. முதல் நாளிலிருந்து கட்டாயம் வேண்டியது கார் சீற் மட்டும்தான், அது இல்லாமல் குழந்தையைக் காரில் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. அதை மட்டும் முன்னரே வாங்க அம்மாவைச் சம்மதிக்க வையுங்கள்.

வரி எவ்வளவு?

ஒன்ராறியோவில் பிள்ளைகளின் கார் சீற்றுக்கு 5% மட்டும். ஸ்ரோலருக்கு முழு 13%. பட்ஜெற் போடும்போது இதையும், மழை மறைப்பு, இணைப்பு வளையம், இரண்டாவது இருக்கை என்று தனித்தனியாக வாங்கவேண்டியவற்றையும் கூட்டிக்கொள்ளுங்கள். சில வண்டிகளில் பெட்டியின் விலை ஒன்று, வீட்டுக்கு வந்து முழு உருவம் எடுக்கும் விலை இன்னொன்று.

இழுவை வண்டி, வாகன் எப்படி?

மூத்ததற்கு நல்லது, கைக்குழந்தைக்கு இல்லை. நிமிர்ந்து இருக்கும் வயது வரும் வரை அதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

டிஸ்னிக்கும் ஊருக்கும் கொண்டுபோகலாமா?

ஒர்லாண்டோ டிஸ்னியில் 2019 மே முதல் 31 அங்குல அகலத்துக்கும் 52 அங்குல நீளத்துக்கும் மேற்பட்ட ஸ்ரோலருக்கு அனுமதி இல்லை, வாகனுக்கும் இல்லை. வாங்கும் முன் இந்த இரு எண்ணையும் பாருங்கள். யாழ்ப்பாணத்துக்கு இரட்டை வேண்டாம். நல்லூர்த் திருவிழா நேரம் வீதி முழுக்க மணல், சில்லு புதையும். அங்கே தூக்க ஆளுக்கும் பஞ்சமில்லை.

தள்ளிக்கொண்டு ஓடலாமா?

சின்னதுக்குக் குறைந்தது ஆறு மாதமாவது ஆகட்டும், வண்டியின் புத்தகம் எட்டு என்றால் எட்டு. சாதாரண இரட்டை ஸ்ரோலரோடு ஓடவேண்டாம், அதற்கென்று செய்த வண்டி வேண்டும்.

வாங்குவதற்கு முன் கடைசியாக என்ன செய்யவேண்டும்?

ஏர்லிஓன் வாசலில் நிற்கும் வண்டிகளைப் பாருங்கள், உங்களுக்குப் பிடித்த வண்டியின் தாயிடம் ஒரு சுற்றுத் தள்ளிப் பார்க்கக் கேளுங்கள். யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை. கடையில் வெறும் வண்டியைப் பளிங்குத் தரையில் தள்ளினால் எல்லாமே மிதக்கும். மூத்ததை ஏற்றி, மற்ற இருக்கையில் ஐந்து கிலோ அரிசிப் பையை வைத்து, கடை வாசல் விளிம்பில் ஒருமுறை ஏற்றி இறக்குங்கள். கைபிடி உங்கள் உயரத்துக்கும் கணவரின் உயரத்துக்கும் வருகிறதா என்று இருவரும் பாருங்கள். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தி, திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் தவணை என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தவணை முடிவதற்குள், வீட்டுக்குள்ளேயே தள்ளி எல்லாக் கதவுகளையும் கடந்து பார்த்துவிடுங்கள்.